கரிசல் ஒட்டினால் தோளில் தூக்கு: சைக்ளோகிராஸ் கேள்வி பதில்

சென்ற இதழில் சைக்ளோகிராஸ் பந்தயம் பற்றி ஒரு பக்கம் போட்டோம். அதற்குப் பொள்ளாச்சி, கோபாலபுரம் தொடங்கி செங்கோட்டை, களியக்காவிளை வரை கேரள எல்லையை ஒட்டியே கடிதங்கள் வந்திருக்கின்றன. அதைப் படிக்காதவர்களுக்காக ஒரு வரி. புல், சேறு, மணல், படிக்கட்டு, பலகைத் தடுப்பு எல்லாம் கலந்த ஒரு சின்னச் சுற்றுப் பாதை. ஓட்ட முடிகிற இடத்தில் ஓட்டியும், முடியாத இடத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடியும், குறித்த நேரம் தீரும்வரை சுற்றிவர வேண்டும். அவ்வளவுதான் சைக்ளோகிராஸ். இனி கடிதங்கள்.

எத்தனை கிலோமீட்டர்னு கேட்டா ஒரு மணி நேரம்ங்கறாங்க. எத்தனை சுத்துன்னு கேட்டா ஓடினாத்தான் தெரியும்ங்கறாங்க. இதென்னங்க கணக்கு?
கல்லூரி மாணவர், கோபாலபுரம்

சேற்றில் இன்றைக்கு 7 நிமிடத்தில் முடிகிற சுற்று நாளைக்கு மழை பெய்தால் 10 நிமிடம் ஆகும். அதனால்தான் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். சர்வதேச விதிப்படி ஒரு சுற்று 2.5 முதல் 3.5 கிலோமீட்டர். முன்னணி ஆண்களுக்கு 60 நிமிடம், பெண்களுக்கு 50, ஜூனியர்களுக்கு 40. முதலில் போகிறவர் இரண்டு முழுச் சுற்றுக்கு எடுத்த நேரத்தை வைத்து, மீதி நேரத்தில் எத்தனை சுற்று அடங்கும் என்று நடுவர்கள் கணக்குப் போட்டுப் பலகையில் எழுதுவார்கள். சுற்றுக்கு 7.5 நிமிடம் என்றால் மொத்தம் 8 சுற்று. கடைசிச் சுற்று தொடங்கும்போது மணி அடிப்பார்கள்.

முன்னால் போகிறவர் உங்களை ஒரு சுற்றுத் தாண்டிவிட்டால் உள்ளூர்ப் பந்தயங்களில் பெரும்பாலும் நிறுத்தமாட்டார்கள். அவர் முடிக்கும்போது நீங்களும் முடிப்பீர்கள், ஒரு சுற்றுக் குறைவாக. பெரிய போட்டிகளில் அந்தத் தயவு கிடையாது. முதலாமவரின் முதல் சுற்று நேரத்தில் 80 சதவீதம் அளவுக்குப் பின்தங்கினாலே வெளியே எடுத்துவிடுவார்கள். அவர் சுற்று 8 நிமிடம் என்றால் உங்கள் கெடு 6 நிமிடம் 24 நொடி. யாராவது பின்னாலிருந்து “வலது” என்று கத்தினால் பதறி ஒதுங்காதீர்கள். போகிற கோட்டிலேயே நேராகப் போங்கள், அவர் சுற்றிக்கொண்டு போவார்.

எங்க பக்கம் கரிசல் மண்ணுங்க. ஒரு மழை பேஞ்சா நூறடி போறதுக்குள்ள சக்கரமே சுத்த மாட்டேங்குது. போன மாசம் ஒரு பையனோட பின்கியர் ஒடிஞ்சு ஸ்போக்குக்குள்ள போயிருச்சு. என்ன டயர் போடறது, எத்தனை காத்து வெக்கறது?
கொழிஞ்சாம்பாறை வாசகர்

இந்த இதழில் அதிக இடம் உங்கள் கேள்விக்குத்தான். ஐரோப்பியச் சேற்றுக்கு எழுதிய அறிவுரைகள் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்துக் கரிசலில் பாதிதான் பலிக்கும்.

கரிசல் ஈரத்தைக் குடித்து வீங்குகிற களிமண். அதற்கு மூன்று நிலை உண்டு. காய்ந்திருந்தால் தார் ரோடு மாதிரி. நன்றாக மழை பெய்து கூழாகிவிட்டால் டயரிலிருந்து வழிந்துவிடும், ஓட்டிவிடலாம். இரண்டுக்கும் நடுவே, சப்பாத்தி மாவு பதத்தில் இருக்கும்போதுதான் ஆபத்து. பெய்து முடிந்து வெயில் வந்த 2 மணி நேரத்தில் பெரும்பாலும் அந்தப் பதம் வந்துவிடும். காலையில் ஒத்திகை பார்த்தபோது இருந்த மண் பகல் 11 மணிக்கு இருக்காது. உங்கள் பந்தயத்துக்கு அரை மணி முன்னால் போய் ஒரு பிடி மண்ணைக் கையில் உருட்டிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் அந்த இடத்தை ஓட்டுகிற நினைப்பை விடுங்கள். சக்கரம் உருள உருளத்தான் கரிசல் அதில் சுருட்டிக்கொள்ளும். தோளில் ஏறிய சைக்கிளில் மேற்கொண்டு மண் ஏறாது. 40 மீட்டர் ஓட்டி 3 கிலோ மண்ணைச் சுமப்பதைவிட, அந்த 40 மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வேகம். வண்டி நின்ற பிறகு இறங்காதீர்கள், நிற்பதற்கு முன்பே இறங்கிவிடுங்கள்.

அந்தப் பையனின் பின்கியர் ஒடிந்ததற்குக் காரணம், கியர் மாற்றியின் இரண்டு சின்னச் சக்கரங்களுக்கிடையே புல்லும் மண்ணும் அடைத்திருக்கும். செயின் சிக்கியது தெரியாமல் அவர் இன்னும் அழுத்தி மிதித்திருப்பார். செயின் கியரைப் பின்னோக்கி மேலே இழுக்கும், அதைப் பிடித்திருக்கும் மெல்லிய அலுமினியத் துண்டு, ஹேங்கர் என்பார்களே, அது வளைந்து கியர் ஸ்போக்குக்குள் போய்விடும். மிதிக்கும்போது ‘கறக் கறக்’ என்று கேட்டால் உடனே மிதிப்பதை நிறுத்துங்கள். அரைச் சுற்றுப் பின்னோக்கி மிதியுங்கள். இறுகினால் இறங்கி விரலால் எடுங்கள். உங்கள் மாடலுக்கான ஹேங்கர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மாடலுக்கு மாடல் வடிவம் மாறும், கடைசி நேரத்தில் கடையில் தேடினால் அகப்படாது.

டயருக்கு வருவோம். சர்வதேச விதியில் அகலம் 33 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. உள்ளூரில் யாரும் அளப்பதில்லை என்பதால் 40 போடுகிறார்கள். கரிசலில் அது தப்பு. டயருக்கும் ஃப்ரேமுக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் 6 மில்லிமீட்டராவது இடம் வேண்டும், 8 இருந்தால் நல்லது. அதற்கு 33தான் சரி. பட்டன்கள் உயரமாகவும் தள்ளித் தள்ளியும் இருக்கிற டயரை வாங்குங்கள். நெருக்கமாக இருந்தால் இடையில் மண் அடைத்து, மொழு மொழு டயராகிவிடும்.

காற்று: 60 கிலோ எடையுள்ளவர், 33 மில்லிமீட்டர் டியூப்லெஸ் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தரைக்கு முன்னால் 26, பின்னால் 28 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு). சேற்றுக்கு முன்னால் 21, பின்னால் 23. எடை 10 கிலோ கூடினால் இரண்டிலும் 2 கூட்டுங்கள். உள்ளே ட்யூப் போட்டிருந்தால் இவ்வளவு குறைக்கவே முடியாது. வேர், கல்லில் ரிம் இடித்து ட்யூபில் பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும். ட்யூபுக்கு 32 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போகாதீர்கள். அளவு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பாதையிலேயே மோசமான வேரின் மேல் பந்தய வேகத்தில் போங்கள். ரிம் தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி. ‘டங்’ என்று கேட்டால் 2 கூட்டுங்கள்.

இந்த எண்களெல்லாம் அளக்கத் தெரிந்தால்தான். பங்க்சர் கடை மீட்டர் லாரி டயருக்கானது. 25 பி.எஸ்.ஐ. என்று அது காட்டுவதை நம்பினால் உங்களுக்கு 20 கிடைக்கலாம், 30ம் கிடைக்கலாம். குறைந்த அழுத்தத்துக்கான டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்குங்கள். புது டயரைவிட அதுதான் முதலில் தேவை. மெல்லிய ஃப்ரெஞ்ச் வால்வாக இருந்தால் ஒரு பித்தளை அடாப்டர் சட்டைப்பையில் இருக்கட்டும், இல்லையென்றால் கடை பம்பு பொருந்தாது. நிழலில் 25 டிகிரியில் அடித்த காற்று, வண்டியை வெயிலில் நிறுத்தி டயர் 40 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. கூடிவிடும். கடைசி அளவை ஸ்டார்ட் கோட்டுக்கு அருகில் பாருங்கள்.

ஃப்ரேமின் கீழ்ச்சாய்வுக் குழாயான டவுன்ட்யூபின் அடியிலும் ஃபோர்க்கின் உள்பக்கமும் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தால் இரண்டு சுற்றுக்காவது மண் ஒட்டாமல் இருக்கும். பிரேக் டிஸ்க்கில் ஒரு துளி பட்டாலும் பிரேக் போய்விடும், அதைத் துணியால் மூடிவிட்டு அடியுங்கள். பாதையோரம் புல் இருந்தால் அதன் மேலேயே போங்கள். குட்டையில் தண்ணீர் நின்றால் நடுவே போங்கள், சக்கரம் கழுவப்படும்.

என்கிட்ட எம்.டி.பி.தான் (மவுன்டன் பைக்) இருக்கு. கிராஸ் சைக்கிள் வாங்கியே ஆகணுமா?
பொள்ளாச்சி வாசகர்

வேண்டாம். உள்ளூர்ப் பந்தயங்கள் பலவற்றில் அதற்கு அனுமதி உண்டு. பதிவு செய்யும்போது கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டில் ஸ்டாண்டைக் கழற்றிவிடுங்கள், தோளில் தூக்கும்போது குத்தும். முன் ஷாக்கை லாக் செய்யுங்கள். 2.1 இன்ச் டயருக்கு 18 முதல் 22 பி.எஸ்.ஐ. போதும். முன்னால் மூன்று பல்சக்கரம் இருந்தால் நடுவிலுள்ளதை மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு வருடம் ஓடிப் பார்த்து ஆசை நிலைத்தால், முன்னால் 38 பல், பின்னால் 11–36 பல் கேஸட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி), டிஸ்க் பிரேக் உள்ள வண்டியைப் பாருங்கள். கிராவல் சைக்கிளும் (சரளைப் பாதைக்கான சைக்கிள்) சரிவரும். தூக்கிப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பலகைத் தடுப்பு வந்தால் நான் நின்று, இறங்கி, தூக்கி வைத்து, மறுபடி ஏறுகிறேன். அதற்குள் நாலு பேர் தாண்டிவிடுகிறார்கள். என் உயரம் 5 அடி. ஓடுகிற வேகத்திலேயே இறங்கி ஏறுவது எப்படி?
வாசகி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

விதிப்படி தடுப்பின் உயரம் 40 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. இரண்டு பலகைகள், இடைவெளி 4 முதல் 6 மீட்டர். 5 அடி உயரத்துக்கு இது பெரிய தடை அல்ல. நீங்கள் இழக்கிற நேரம் தடுப்பின் மேல் போவதில்லை. அதற்கு 10 மீட்டர் முன்னாலும் 10 மீட்டர் பின்னாலும்தான் போகிறது.

எப்போதும் சைக்கிளின் இடதுபக்கம் இறங்குங்கள், செயின் வலதுபக்கம் இருப்பதால். 15 மீட்டர் முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, தடுப்புக்குப் பிறகு எந்த கியர் வேண்டுமோ அதற்கு இப்போதே மாற்றிவிடுங்கள். இறங்கிய பிறகு மாற்ற முடியாது. வலதுகாலை பெடலிலிருந்து விடுவித்து, சீட்டுக்குப் பின்னால் வீசி, இடதுகாலுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். இப்போது இடது பெடலின் மேல் நின்றுகொண்டு உருளுகிறீர்கள், இடுப்பு சீட்டில் சாய்ந்திருக்கிறது. வலதுகை ஹேண்டில்பாரை விட்டு மேல்குழாயைப் பிடிக்கட்டும், உடல் எடை அந்தக் கையில் இறங்கட்டும். இடதுகால் விடுபட்டதும் வலதுகால் தரையில் விழும், அடுத்த அடி ஓட்டம்.

புதியவர்கள் விழுவது இந்த இடத்தில்தான். ஷூவைப் பெடலோடு பிடித்திருக்கும் கிளிப்பில் இடதுகால் மாட்டிக்கொள்ளும். பழகும்வரை, வலதுகாலை வீசுவதற்கு முன்பே இடதுகாலையும் கிளிப்பிலிருந்து விடுவித்து, சும்மா பெடல் மேல் வைத்திருங்கள். இன்னொன்று பிரேக். அந்த நேரத்தில் ஹேண்டில்பாரில் இருப்பது இடதுகை மட்டும். நம் ஊர் வண்டிகளில் வழக்கமாக இடதுகையில் பின்பிரேக். வெளிநாட்டு வண்டிகள் சிலவற்றில் இடதுகையில் முன்பிரேக் இருக்கும். இறங்கும்போது அதைப் பிடித்தால் பின்சக்கரம் எழும்பித் தலைகுப்புறத் தள்ளும். உங்கள் வண்டியில் எது எதில் என்று இன்றே பாருங்கள். தேவையானால் மெக்கானிக்கிடம் மாற்றச் சொல்லுங்கள்.

தடுப்புக்கு ஒரு அடி முன்னால் மேல்குழாயைப் பிடித்துத் தூக்குங்கள், முழங்கை மடங்கியிருக்கட்டும். இரண்டு பலகைகளுக்கு இடையே உங்களுக்கு 4 அல்லது 5 எட்டு விழும். வண்டியை முழுக்கக் கீழே இறக்க வேண்டாம், தரையை உரசுகிற மாதிரி வைத்திருந்தால் போதும். ஏறும்போது இரண்டு கையும் ஹேண்டில்பாரில். இடதுகாலை உந்தி, வலதுதொடையின் உள்பக்கம் சீட்டில் விழுமாறு பக்கவாட்டில் சறுக்கி ஏறுங்கள். மேலே குதிப்பதாக நினைத்தால் வலிக்கும், மறுபடி அந்தப் பக்கமே வரமாட்டீர்கள். ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை தத்திக் குதிப்பது எல்லோருக்கும் வருகிற கெட்ட பழக்கம், அதிலேயே ஒரு நொடி போகும். மெதுவாக நடந்துகொண்டே ஏறிப் பழகினால் அது போய்விடும்.

பழக ஒரு பாக்குமரக் கம்பைப் புல்தரையில் கிடத்துங்கள். முதல் வாரம் நடை. அடுத்த வாரம் இரண்டிரண்டு செங்கல் மேல் வைத்து மெல்லோட்டம். பிறகு படிப்படியாக உயர்த்துங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், 15 நிமிடம் போதும். களைத்த பிறகு பழகினால் தப்பான அசைவுதான் உடம்பில் பதியும். நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் போல் போன்றவர்கள் இறங்காமல் சைக்கிளோடே தடுப்பைத் தாண்டுவதைக் காணொலியில் பார்த்திருப்பீர்கள். முதல் வருடம் அதைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரப்பர் விளையில பிளாட்பாரம் வெட்டின சரிவுல பாதை போட்டிருக்காங்க. ஈர இலை மேல வண்டி கீழ்ப்பக்கமா வழுக்கிட்டே போவுது. பிரேக் கட்டையும் ஒரே நாள்ல தேஞ்சு போச்சு.
களியக்காவிளை வாசகர்

சரிவில் குறுக்கே போகும்போது மலைப்பக்கத்துப் பெடல் மேலே, பள்ளத்துப் பெடல் கீழே. எடை முழுவதும் பள்ளத்துப் பெடலில். வண்டியை மலைப்பக்கம் லேசாகச் சாய்த்து, உடம்பை நேராக வையுங்கள். பிரேக்கைத் தொடாதீர்கள். டயருக்கு இருக்கிற கொஞ்சநஞ்சப் பிடிப்பையும் பிரேக் எடுத்துக்கொண்டால் பக்கவாட்டில் நிற்க எதுவும் மிச்சமிருக்காது. வேகத்தைச் சரிவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும். நுழையும்போது முடிந்த அளவு மேட்டுப்பக்கமாக நுழையுங்கள். எப்படியும் அரை மீட்டர் கீழே சறுக்கத்தான் போகிறீர்கள், அதற்கு இடம் வேண்டுமே. டயரில் 2 பி.எஸ்.ஐ. குறைத்தால் வித்தியாசம் தெரியும்.

ரப்பர் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இலை உதிர்க்கும். அந்த மாதங்களில் சருகுக்கடியில் வேரும் குச்சியும் மறைந்திருக்கும், கீழே விழுந்த பால்சிரட்டையும் கம்பியும்கூட. ஒத்திகையின்போது ஒருமுறை நடந்தே பாருங்கள்.

பிரேக் கட்டை தேய்ந்ததற்குக் காரணம் செம்மண்ணிலுள்ள சின்னச் சரளை. ஈரத்தோடு சேர்ந்து அது உப்புத்தாள் மாதிரி அரைக்கும். மென்மையான ஆர்கானிக் பேடு உங்கள் ஊர் மழையில் ஒரே பந்தயத்தில் தீரும். உலோகத்தூள் கலந்த சின்டர்டு பேடு போடுங்கள். சத்தம் போடும், போடட்டும். கேபிள் டிஸ்க் பிரேக் என்றால் பேடு தேயத் தேய லீவர் ஹேண்டில்பாரைத் தொட ஆரம்பிக்கும். திருகை எந்தப் பக்கம் எத்தனை கிளிக் திருப்பினால் இறுகும் என்று முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

முதல் சுற்றிலேயே மூச்சு முட்டிருது. வாயில இரும்பு ருசி. 100 கிலோமீட்டர் ஓட்டுறவன்தான் நான், ஆனா இதுல 10 நிமிஷத்துல செத்துருவேன் போலிருக்கு. என்ன தப்பு?
செங்கோட்டை வாசகர்

தப்பு ஒன்றும் இல்லை, அந்த ஓட்டம் வேறு, இது வேறு. தொடங்கியதும் குறைந்தது 150 மீட்டர் நேர்ப்பாதை. அதன் பிறகு பாதை குறுகிவிடும். முதல் முனையில் 20வது ஆளாக நுழைந்தால் முதல் தடுப்பில் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதனால் எல்லோரும் விசில் ஊதியவுடன் 30 நொடி உயிரை விட்டு மிதிக்கிறார்கள். இதயத்துடிப்பு உச்சத்தின் 90 சதவீதத்தைத் தாண்டி, பந்தயம் முடியும்வரை அங்கேயேதான் இருக்கும். நீண்ட தூர ஓட்டத்தில் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே சீரான மிதி இதில் கிடையாது. 10 நொடி முழு பலம், 5 நொடி சும்மா உருளல், ஒரு வளைவு, மறுபடி முழு பலம். இதற்கு நடுவே சைக்கிளைச் சுமந்து மேடேறும் ஓட்டம் வேறு.

ஸ்டார்ட்டில் பலமான காலைக் கிளிப்பில் மாட்டி, அந்தப் பெடலைக் கடிகாரத்தில் 2 மணி இருக்கிற இடத்தில் நிறுத்துங்கள். முன்னால் 38 பல் என்றால் பின்னால் 17 அல்லது 19. இன்னும் லேசான கியரில் தொடங்கினால் கால் சுழன்று வழுக்கும். உங்கள் பந்தயத்தில் மொத்தமே 20 பேர் என்றால் முழு உயிரையும் கொடுக்க வேண்டாம், பத்தில் ஒன்பது பங்கு கொடுங்கள். நடு வரிசையில் நுழைந்தால் போதும். இரண்டாம் சுற்றில் முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வருவார்கள், பாருங்கள்.

முதல் சுற்று மங்கலாகவே போகும், யாருக்கும் அப்படித்தான். இரண்டாவதில் கால் கனக்கும். மூன்றாவதில் ஒரு தாளம் பிடிபடும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறக்கங்களில் வேகம் தேடாதீர்கள். அங்கே கைவிரல்களைத் தளர்த்தி, தோளை இறக்கி, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். 4 நொடி கிடைத்தாலும் அது ஓய்வுதான். பந்தயத்தின் நடுப்பகுதியில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். கால் களைத்ததால் விழுவதைவிட, கண் களைத்து முன்சக்கரத்தையே பார்ப்பதால் விழுவதுதான் அதிகம். 5 மீட்டர் முன்னால் பாருங்கள். மேடேறி ஓடும்போது சின்னச் சின்ன அடி வையுங்கள். பெரிய அடி எடுத்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கடைசியில் கீழ்முதுகு வலிக்கும். அது சுமந்ததால் வந்தது, பயப்பட வேண்டாம்.

பயிற்சியில் வாரம் ஒருநாள் 4 நிமிடம் கடுமை, 3 நிமிடம் ஓய்வு என்று 4 முறை. இன்னொரு நாள் 30 நொடி முழு வேகம், 30 நொடி மெதுவாக என்று 10 முறை. இரண்டு நாள் 15 நிமிட ஓட்டம், அதில் பாதி படிக்கட்டு. 100 கிலோமீட்டர் ஞாயிற்றுக்கிழமைகளை மாதம் ஒன்றாகக் குறையுங்கள். பந்தய நாளில் பாதையை இரண்டு மூன்று முறை சுற்றிப் பார்த்துவிட்டு, 15 நிமிடம் சூடேற்றுங்கள். அதற்கு மேல் நம் வெயிலில் வேண்டாம்.

போட்டியின்போது தண்ணீர் கொடுக்கக் கூடாதாமே? நம்ம ஊர் வெயிலில் இது என்ன விதி?
வாளையார் வாசகர்

குளிர்காலத்து விளையாட்டின் விதி அது. வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போனால் நடுவர் குழுத் தலைவர் அனுமதிக்கலாம், அப்போதும் முதல் இரண்டு, கடைசி இரண்டு சுற்றில் கிடையாது. 20 டிகிரி! பாலக்காட்டுக் கணவாயில் அது விடியற்காலைக் குளிர். உள்ளூரில் நடத்துகிறவர்கள் இந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் கருத்து.

பந்தயத்துக்கு 2 மணி நேரம் முன்பு அரை லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அளவைக் குறைக்கக் கூடாது. சாப்பாடு 3 மணி நேரம் முன்பு: நாலு இட்லி அல்லது கஞ்சி. புட்டும் கடலையும் பந்தயம் முடிந்த பிறகு. பழைய சாக்ஸில் ஐஸைப் போட்டுக் கட்டிப் பின்கழுத்தில் சட்டைக்குள் வைத்தால் 15 நிமிடம் தாங்கும். வெயிலில் உடம்பு புல்லரித்தால், தலை சுற்றினால், வியர்வை நின்றால் அந்த இடத்திலேயே இறங்கி நிழலுக்குப் போய்விடுங்கள்.

கண்ணாடி போட்டு ஓட்டலாமா?
கம்பம் வாசகர்

முதல் சுற்றுக்குப் போடுங்கள், முன்னால் போகிறவர் அள்ளித் தெளிப்பது கண்ணில் விழாது. மண் அப்பியதும் சட்டைக்குள் போட்டுவிடுங்கள். கையுறையால் துடைத்தால் கீறல்தான் மிஞ்சும்.

இந்தக் கூத்தை முதலில் யார் ஆரம்பித்தது?
குமுளி வாசகர்

ஃபிரான்ஸ்காரர்கள், குளிர்காலத்தில் உடம்பு சும்மா கிடக்கக் கூடாது என்று. அங்கே முதல் தேசியப் போட்டி 1902இல் நடந்தது. முதல் உலகப் போட்டி 1950இல் பாரிஸில். வென்றவர் ஜான் ரோபிக், 1947 டூர் தே பிரான்ஸையும் வென்றவர். பெண்களுக்கு உலகப் போட்டி 2000இல்தான் வந்தது. இப்போது இதைத் திருவிழா மாதிரி கொண்டாடுவது பெல்ஜியம்.

பந்தயம் முடிஞ்சதும் பைக் சர்வீஸ் ஸ்டேஷன்ல கொடுத்து ஃபோர்ஸ் தண்ணி அடிச்சுக் கழுவலாங்களா? அப்புறம், வயல் தண்ணியில உருண்டு எந்திரிச்சா சொறி கிறி வருமா?
வேலந்தாவளம் வாசகர்

ஃபோர்ஸ் தண்ணீர் ஹப்பிலும் கிராங்க் பேரிங்கிலும் நேராகப் பட்டால் கிரீஸைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் உள்ளே உட்காரும். மூன்று வாரத்தில் பேரிங் கரகரக்கும். 2 மீட்டர் தள்ளி நின்று, பக்கவாட்டில் அடிக்காமல் மேலிருந்து கீழாக அடிக்கச் சொல்லுங்கள். அதைவிட ஒரு வாளி, ஒரு பிரஷ் நல்லது. கரிசலைக் காயவிடாமல் உடனே கழுவுங்கள், காய்ந்தால் உளி வேண்டும். செயினைத் துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய். டியூப்லெஸ் டயரின் ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவமான சீலன்ட், டயருக்கு 40 முதல் 60 மில்லி. நம் வெயிலில் சீக்கிரம் உலர்ந்துவிடும் என்பதால் 6 வாரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். சீமைக்கருவேல முள்ளுக்கு அது ஒன்றுதான் மருந்து.

சொறியைவிடக் கவனிக்க வேண்டியது எலிக்காய்ச்சல். எலி, மாட்டு மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரில் அந்தக் கிருமி இருக்கும். தோலில் கீறல் இருந்தால் அதன் வழியே உள்ளே போகும், கண், வாய் வழியாகவும் போகும். மழைக்கால வயல் பந்தயத்துக்கு முன் காயங்களை நீர் புகாத பிளாஸ்டரால் மூடுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். சேற்று வேலைக்குப் போகிறவர்களுக்குக் கேரளத்தில் டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் வாரம் ஒருமுறை கொடுப்பது வழக்கம். உங்களுக்குத் தேவையா என்பதை டாக்டர் சொல்லட்டும், கடையில் நீங்களாக வாங்காதீர்கள். பந்தயம் முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில், சிலருக்கு ஒரு மாதம் வரைகூட, காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் அன்றே போங்கள். போனவுடன் “சேற்றில் விழுந்தேன்” என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் டாக்டருக்கு அது தோன்றாது.

எங்கள் தென்னந்தோப்பில் ஒரு பந்தயம் நடத்தலாம் என்று பையன்கள் கேட்கிறார்கள். 4 ஏக்கர் இருக்கிறது. பாதை எப்படிப் போடுவது?
மீனாட்சிபுரம் விவசாயி

4 ஏக்கரில் 2.5 கிலோமீட்டர் அடங்காது. 1 முதல் 1.2 கிலோமீட்டர் சுற்றுப் போடுங்கள், உள்ளூருக்கு அது தாராளம். பாதையின் அகலம் எங்கும் 3 மீட்டர் வேண்டும். 7.5 மீட்டர் இடைவெளியில் மரம் வைத்திருந்தால், ஒவ்வொரு மரத்துக்கும் 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தி போக நடுவே 3.9 மீட்டர்தான் மிஞ்சும். பாதை இரண்டு வரிசைக்கும் சரியாக நடுவில் போக வேண்டும், ஒரு முழத்துக்கு மேல் நகர்த்த இடமில்லை. வளைவில் மட்டும் பாத்தி வரம்பை ஏறி இறங்குகிற மாதிரி விடுங்கள், ஓட்டுகிறவர்களுக்குச் சுவையாக இருக்கும். வளைவின் வெளிப்பக்க மரங்களில் வைக்கோல் கட்டு கட்டுங்கள். நாடா கட்ட மூங்கில் குச்சியோ பி.வி.சி. குழாயோ போதும், இரும்புக்கம்பி வேண்டவே வேண்டாம். ஸ்டார்ட்டுக்கு 6 மீட்டர் அகலத்தில் நேர்ப்பாதை தோப்புக்குள் கிடைக்காது, வாய்க்கால் கரை வண்டித்தடத்தைப் பயன்படுத்துங்கள்.

சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி மரத்தடியில் வைத்துவிடுங்கள். மூன்று நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள், சேறு வேண்டுமென்றால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் விடுங்கள். சைக்கிள் மாற்றும் பிட்டை இரண்டு பாதைகள் அருகருகே வருகிற இடத்தில் வைத்தால் ஒரே பிட்டை ஒரு சுற்றில் இரண்டு முறை பயன்படுத்தலாம். பிட்டைத் தாண்டியவர் திரும்பி வரக்கூடாது, அடுத்த முறை வரும்வரை அதே வண்டியோடு போக வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

தேதியை மட்டும் பையன்களிடம் விடாதீர்கள். தேங்காய் வெட்டு முடிந்த வாரத்தில் வையுங்கள், முற்றிய காய் ஒன்றுகூட மேலே இருக்கக் கூடாது. காய்ந்து தொங்குகிற மட்டைகளையும் அன்றைக்கே இழுத்துப் போட்டுவிடச் சொல்லுங்கள். பந்தயத்தன்று காலையில் பாதையை ஒருமுறை நடந்து, தலைக்கு மேலேயும் பாருங்கள்.